ரீசெட் பட்டனைத் தொடுவதற்கு முன்: வீட்டு மோடமும் கம்ப்யூட்டரும் ஒத்துவராதபோது எங்கே பார்ப்பது

ரீசெட் பட்டனை இப்போதைக்குத் தொடாதீர்கள். மோடத்தின் பின்பக்கம் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதில் ஊசியை விட்டுப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால், இணைப்பு கொடுத்தவர் உள்ளே பதிந்து வைத்த பயனர் பெயர், பாஸ்வேர்டு, அவர் தன் லைனுக்கு வைத்திருக்கும் வி.லேன் எண், நீங்கள் வைத்த வைஃபை பெயர் எல்லாம் ஒரே நேரத்தில் அழிந்து, பெட்டி கடையிலிருந்து வந்த நிலைக்குப் போய்விடும்.

வேலூர் காட்பாடி காந்தி நகரில் என் பெரியம்மா வீட்டில் இதுதான் நடந்தது. போனில் எல்லாம் வருகிறது, கம்ப்யூட்டரில் மட்டும் வரவில்லை. யாரோ சொன்னார்கள் என்று ஊசியை எடுத்துக் குத்திவிட்டார்கள். நான் போய் நின்றதும், "அப்பவாவது போன்ல வந்துட்டு இருந்துச்சுடா, இப்ப அதுவும் போச்சு" என்றார்கள். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். லேன் கேபிள் முனையில் 'க்ளிக்' என்று பிடிக்கிற அந்தச் சின்ன பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்திருந்தது, பெருக்கும்போது துடைப்பம் பட்டு அரை சென்டிமீட்டர் வெளியே வந்திருந்தது. விரலால் உள்ளே தள்ளியிருந்தால் வேலை முடிந்திருக்கும். ரீசெட் செய்துவிட்டதால் இணைப்புக்காரர் வந்து மறுபடி எண்களைப் போட்டுக் கொடுக்க இரண்டு நாள் ஆனது, அந்த இரண்டு நாளும் பெரியம்மாவின் பேத்திக்கு ஆன்லைன் வகுப்பு போயிற்று. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இன்டர்நெட் உங்கள் கம்ப்யூட்டருக்கு வந்து சேர நான்கு துண்டுகள் உண்டு. தெருவிலிருந்து வீட்டுக்கு வருகிற கம்பி அல்லது ஃபைபர் முதலாவது. மோடம் இரண்டாவது. மோடத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உள்ள லேன் கேபிள் அல்லது வைஃபை மூன்றாவது. கம்ப்யூட்டர் நான்காவது. எந்தத் துண்டில் அறுந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக்கு மேல் முடிந்தது, தெரியாமல் எதையாவது மாற்றினால் ஒரு கோளாறு இரண்டாகும். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: வீட்டில் வேறு போனில் அதே வைஃபையில் வருகிறதா? மறக்காமல் போனின் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் சிம் மூலம் வருவதை வைஃபை என்று நினைத்து ஏமாந்துபோவோம். போனில் வந்தால் முதல் இரண்டு துண்டும் நன்றாக இருக்கின்றன, பழுது உங்கள் மேசைப் பக்கம். போனிலும் வராவிட்டால் மோடத்தின் விளக்குகளைப் பாருங்கள்.

ஒரு விளக்கும் எரியவில்லை

சுவிட்ச் போட்டிருக்கிறதா, பிளக்கில் வேறு சாதனம் வைத்தால் வேலை செய்கிறதா, மோடத்தின் பின்னால் உள்ள சின்ன பவர் பட்டன் உள்ளே அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் சரி என்றால் அநேகமாக அடாப்டர் போய்விட்டது. மோடம் கெடுவதைவிட அடாப்டர் கெடுவதுதான் அதிகம், அதுவும் வோல்டேஜ் ஏறி இறங்குகிற தெருக்களில்.

மாற்று அடாப்டர் வாங்கும்போது முனை உள்ளே நுழைகிறதே என்று எதையும் செருகக் கூடாது. மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். 12 வோல்ட் என்று இருந்தால் 12 வோல்ட்தான், 9 வோல்ட் என்றால் 9தான். ஆம்பியர் அதே அளவு அல்லது கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. 1 ஆம்பியர் கேட்கிற பெட்டிக்கு 0.5 ஆம்பியர் கொடுத்தால் விளக்கு எரியும், வைஃபையில் இரண்டு மூன்று பேர் சேர்ந்ததும் அணைந்து அணைந்து எரியும். நடுவில் கூட்டல், ஓரத்தில் கழித்தல் என்று சீட்டில் ஒரு வட்டப் படமும் போட்டிருக்கும், புது அடாப்டரிலும் அதே படம் இருக்க வேண்டும்.

எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரிகிறது

இது ஃபைபர் இணைப்பு உள்ளவர்களுக்கு. பெட்டியை நாம் மோடம் என்றே சொல்கிறோம், இணைப்புக்காரர்கள் ஓ.என்.டி. என்பார்கள். அதில் பான் (PON) என்கிற விளக்கு பச்சையாக அசையாமல் நின்று, எல்.ஓ.எஸ். அணைந்திருந்தால் தெருவிலிருந்து ஒளி ஒழுங்காக வருகிறது. எல்.ஓ.எஸ். சிவப்பு என்றால் ஒளி வரவே இல்லை, அல்லது போதவில்லை. கம்ப்யூட்டரில் நீங்கள் என்ன செய்தாலும் பயன் இல்லை, அதைத் திறக்கவே வேண்டாம்.

வீட்டுக்குள் நீங்கள் பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. சுவரில் உள்ள சின்னப் பெட்டியிலிருந்து மோடத்துக்கு வருகிற மெல்லிய கயிறு இருக்கிறதே, பேட்ச் கார்டு என்பார்கள், அதன் வழியெல்லாம் விரலை ஓட்டிக்கொண்டே போய்ப் பாருங்கள். வெள்ளையடிக்க பீரோவை நகர்த்தியபோது காலடியில் மாட்டியிருக்கும், கட்டில் கால் ஏறியிருக்கும், ஜன்னல் கதவில் நசுங்கியிருக்கும், அல்லது அழகாக இருக்கட்டும் என்று யாராவது சின்னதாகச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டிருப்பார்கள். ஃபைபருக்குள் இருப்பது கண்ணாடி இழை. வளையலைவிடச் சின்ன வட்டமாக அதைச் சுருட்டாதீர்கள், ஒளி வளைவில் வெளியே கசிந்துவிடும். சுருளை அவிழ்த்து விட்டதும் சிவப்பு அணைந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

முனையைக் கழற்றினால் அதன் நுனியை விரலால் தொடாதீர்கள், விரலின் எண்ணெய்ப் பசையே போதும் சிக்னலைக் குறைக்க. கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கவே கூடாது. வீட்டுக்கு வருகிற ஒளி பெரும்பாலும் 1490 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத லேசர் அது, தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது. இன்னொன்று, பச்சை முனையும் நீல முனையும் ஒன்றுபோல இருக்கும், ஆனால் பச்சையின் நுனி 8 டிகிரி சாய்வாகத் தேய்த்தது, நீலம் நேராகத் தேய்த்தது. ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால் பொருந்துவதுபோல் இருக்கும், ஒளி சரியாகப் போகாது.

உள்ளே எல்லாம் சரி, சிவப்பு போகவில்லை என்றால் வெளியேதான் அறுந்திருக்கிறது. சத்துவாச்சாரிப் பக்கம் பாதாளச் சாக்கடைக்குத் தெருத்தெருவாகத் தோண்டிய காலத்தில் இது வாரம் ஒரு முறை வழக்கமாக இருந்தது. மரக்கிளை வெட்டுவது, அணில் கடிப்பது, உயரமான லாரி கம்பியை இழுத்துக்கொண்டு போவது, இவையும் உண்டு. நேராக இணைப்புக்காரரைக் கூப்பிடுங்கள். "நெட் வரல" என்று சொல்லாமல் "எல்.ஓ.எஸ். சிவப்பு, பேட்ச் கார்டு பார்த்துட்டேன்" என்று சொல்லுங்கள், லைன்மேன் ஏணியும் இணைப்பு மெஷினும் எடுத்துக்கொண்டு வருவார். வந்தவரிடம் பவர் மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். ஒளியின் பலத்தை அது டிபிஎம் என்ற அளவில் காட்டும், மைனஸ் 27 டிபிஎம்முக்கும் கீழே போனால் இந்தப் பெட்டிகள் தடுமாறும். மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. மைனஸ் 26இல் விட்டுவிட்டுப் போனால் இன்றைக்கு வரும், முதல் மழைக்கு நிற்கும்.

லேண்ட்லைன் இணைப்பு, டி.எஸ்.எல். விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கிறது

வேலூரில் 0416, ராணிப்பேட்டைப் பக்கம் 04172 என்று தொடங்குகிற பழைய லேண்ட்லைன் செப்புக் கம்பியில் இன்னும் இன்டர்நெட் வைத்திருப்பவர்களுக்கு இது. முதலில் போனைக் காதில் வைத்துக் கேளுங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் கம்பியில் ஈரம் அல்லது துரு, மோடத்தின் மேல் தப்பு இல்லை.

சத்தம் இல்லை என்றால் ஸ்பிளிட்டரைப் பாருங்கள். தீப்பெட்டி அளவில் மூன்று ஓட்டை உள்ள சின்னப் பெட்டி அது. சுவரிலிருந்து வருவது லைன் என்று எழுதிய ஓட்டையில், போன் வயர் போன் ஓட்டையில், மோடம் வயர் மோடம் ஓட்டையில். இதில் இரண்டை மாற்றிப் போட்டிருப்பதுதான் நான் அதிகம் பார்த்த தப்பு. மாடியில் இன்னொரு போன் இருந்தால் அதற்கும் தனியாக ஒரு ஃபில்டர் வேண்டும், இல்லாவிட்டால் மாடி போன் அடிக்கும்போதெல்லாம் கீழே நெட் அறும்.

எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக் கூட வேகம் குறையும் என்பது செப்புக் கம்பியின் குணம், அதை அமைப்பை மாற்றிச் சரிசெய்ய முடியாது. மோடத்தின் உள்பக்கத்தில், அதாவது பிரவுசரில் திறக்கிற அதன் அமைப்புப் பக்கத்தில் (எப்படி என்று பின்னால் சொல்கிறேன்), சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளியை எஸ்.என்.ஆர். மார்ஜின் என்று டெசிபலில் காட்டும். 6க்குக் கீழே இருந்தால் அடிக்கடி அறுவது இயற்கை. புதிதாக மோடம் வாங்கி நீங்களே அமைப்பதென்றால், பி.எஸ்.என்.எல். செப்புக் கம்பி இணைப்புக்கு வி.பி.ஐ. 0, வி.சி.ஐ. 35. இந்த இரண்டு எண் தப்பானால் டி.எஸ்.எல். விளக்கு நிலையாக எரியும், இன்டர்நெட் விளக்கு மட்டும் வராது.

மோடம் நன்றாக இருக்கிறது, கம்ப்யூட்டரில் மட்டும் இல்லை

பெரியம்மா வீட்டுக் கதை. லேன் கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி 'க்ளிக்' கேட்கும்வரை செருகுங்கள். செருகிய இடத்தில் கம்ப்யூட்டர் பக்கமும் மோடம் பக்கமும் சின்ன விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் மோடத்தில் பக்கத்து லேன் ஓட்டைக்கு மாற்றுங்கள், அப்புறம் கேபிளை மாற்றுங்கள். தனி ரவுட்டர் இருந்தால் அதில் வான் (WAN) என்று ஒரு ஓட்டை, நிறம் வேறாக இருக்கும், அது மோடத்திலிருந்து வருவதற்கு. கம்ப்யூட்டர் வயரை அதில் போடக் கூடாது.

விளக்கு எரிகிறது, ஆனாலும் வரவில்லை என்றால் கம்ப்யூட்டருக்கு மோடம் என்ன முகவரி கொடுத்திருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் என்கிற, கட்டளை அடிக்கிற கறுப்பு ஜன்னலைத் திறந்து, ஐபிகான்ஃபிக் (ipconfig) என்பதை ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் தட்டுங்கள். ஐபிவி4 என்ற வரியைத் தேடுங்கள். 192.168 என்று தொடங்கினால் மோடமும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்கின்றன. 169.254 என்று தொடங்கினால் மோடம் பதிலே சொல்லவில்லை, கம்ப்யூட்டர் தானாக ஒரு எண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கேபிள் நல்லது என்று உறுதியான பிறகும் 169 வந்தால், மோடத்தை அணைத்து ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். ரீசெட் வேண்டாம், பவர் பட்டன் மட்டும். அப்புறமும் சரியாகாவிட்டால், அல்லது இந்த இரண்டும் இல்லாத வேறு எண் வந்தால், கம்ப்யூட்டரின் நெட்வொர்க் அமைப்பில் யாராவது கையால் ஐபி எண் போட்டு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள், "தானாகப் பெறு" என்ற வகைக்கு மாற்றுங்கள். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரை வீட்டுக்கு வாங்கி வந்தவர்களுக்கு இது இருக்கலாம்.

வைஃபையில் சேர முடியவில்லை என்றால் வேறு சங்கதி. போன் காட்டுகிற வைஃபை பெயரைப் பழைய லேப்டாப் காட்டவே இல்லையா? பெயரின் கடைசியில் 5ஜி என்று இருந்தால் அது 5 கிகாஹெர்ட்ஸ் அலை, செல்போன் 5ஜிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பழைய லேப்டாப்புகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும், மோடத்தில் அதையும் இயக்கி வையுங்கள். 2.4இலும் சேனல் 12 அல்லது 13இல் மோடம் இருந்தால் சில பழைய கருவிகளுக்குத் தெரியாது. பெயர் தெரிகிறது, சரியான பாஸ்வேர்டு கொடுத்தும் சேரவில்லை என்றால் மோடத்தில் பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ3 என்று இருக்கலாம், டபிள்யூபிஏ2 ஆக்குங்கள்.

"கனெக்டட்" என்கிறது, ஆனால் இன்டர்நெட் இல்லை

நேரம் அதிகம் வீணாவது இங்கேதான். கம்ப்யூட்டரும் மோடமும் பேசுகின்றன, மோடத்துக்கு அப்பால் வழி இல்லை, அல்லது வழி இருந்தும் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. எது என்று பிரித்துப் பார்க்க எளிய சோதனை இருக்கிறது. அதே கமாண்ட் பிராம்ப்டில் பிங் (ping) என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, 8.8.8.8 என்று போடுங்கள். நான்கு வரி பதில் வரும். மில்லிசெகண்டில் நேரம் காட்டினால் இன்டர்நெட் உங்கள் கம்ப்யூட்டர்வரை வந்துவிட்டது. பதில் இல்லை, நேரம் கடந்தது என்று வந்தால் மோடத்திலோ அதற்கு வெளியிலோ நிற்கிறது.

பதில் வருகிறது, ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை என்றால் டி.என்.எஸ். கோளாறு. நாம் அடிக்கிற பெயரை எண்ணாக மாற்றிக் கொடுக்கிற தொலைபேசி டைரக்டரி மாதிரி அது. நெட்வொர்க் அமைப்பில் டி.என்.எஸ். இடத்தில் 8.8.8.8, அடுத்ததில் 1.1.1.1 என்று போடுங்கள், பத்தில் எட்டு முறை அப்போதே திறக்கும்.

சில பக்கங்கள் மட்டும் "பாதுகாப்பற்றது" என்று சிவப்பு எச்சரிக்கை காட்டினால், திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். குடியாத்தத்தில் ஒரு நண்பரின் பழைய டெஸ்க்டாப் தினமும் காலையில் 2009க்குப் போய்விடும், அவர் மூன்று மாதம் இணைப்புக்காரரோடு சண்டை போட்டார். மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் மாதிரி சிஆர்2032 என்ற பேட்டரி இருக்கும், 3 வோல்ட், அது தீர்ந்ததும் கம்ப்யூட்டர் அணைந்தால் தேதியை மறந்துவிடும். தேதி தப்பாக இருந்தால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். வாட்ச் கடையில் கிடைக்கிற அந்த ஒரு பேட்டரியோடு சண்டை முடிந்தது.

பிங்குக்குப் பதிலே இல்லையா? முதலில் மாதக் கட்டணம் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். பச்சை விளக்கு எல்லாம் எரிந்துகொண்டே இருக்கும், உள்ளே கணக்கு மட்டும் நின்றிருக்கும். கட்டியிருந்தால் மோடத்தின் உள்பக்கத்துக்குப் போக வேண்டும்.

பிரவுசரின் மேலே உள்ள முகவரிப் பட்டியில் 192.168.1.1 என்று அடியுங்கள். தேடல் பக்கத்தின் நடுவில் உள்ள பெட்டியில் அடிக்காதீர்கள், அது இந்த எண்ணைப் பற்றி உலகம் முழுவதும் தேடிக்கொண்டு வரும். திறக்காவிட்டால் உங்கள் மோடத்தின் எண் வேறு, 192.168.0.1 அல்லது 192.168.100.1 ஆக இருக்கலாம். ஐபிகான்ஃபிக் அடித்தபோது டிஃபால்ட் கேட்வே என்று ஒரு வரி இருந்ததே, அதில் உள்ள எண்தான் உங்கள் மோடம். பெயரும் பாஸ்வேர்டும் பெட்டியின் அடியில் உள்ள சீட்டில் இருக்கும். உள்ளே போனதும் எதையும் மாற்றுவதற்கு முன் வான் பக்கத்தைப் போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், இந்த ஒரு பழக்கம் பல பேரைக் காப்பாற்றியிருக்கிறது.

அந்தப் பக்கத்தில் இணைப்பு வகை பி.பி.பி.ஓ.இ. என்று இருந்தால் மோடமே பயனர் பெயர் கொடுத்து உள்ளே நுழைகிறது. பிரிட்ஜ் என்று இருந்தால் கம்ப்யூட்டரோ தனி ரவுட்டரோதான் அதைச் செய்ய வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் முயன்றால் ஒன்று தோற்கும். கம்ப்யூட்டரிலிருந்து டயல் செய்கிறவர்களுக்கு விண்டோஸ் ஒரு எண் காட்டும். 691 என்றால் பெயர் அல்லது பாஸ்வேர்டு தப்பு, கணக்கு நின்றிருந்தாலும் இதே எண்தான். 651 என்றால் பாஸ்வேர்டு வரைக்கும் போகவே இல்லை, மோடமோ கேபிளோ பதில் சொல்லவில்லை, அதனால் பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடித்துப் பயன் இல்லை.

புது ரவுட்டர் வாங்கி மாட்டிய நாளிலேயே நின்றது என்றால், கேபிள்காரர்களில் சிலர் பழைய பெட்டியின் மேக் எண்ணோடு (ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ள தனி அடையாள எண்) உங்கள் கணக்கைக் கட்டி வைத்திருப்பார்கள். புதுப் பெட்டியின் மேக் எண்ணை அடிச்சீட்டில் பார்த்துச் சொன்னால் அங்கிருந்தே மாற்றிவிடுவார்கள்.

மோடத்துக்குப் பின்னால் இன்னொரு ரவுட்டர் வைத்தேன், எல்லாமே போயிற்று

மாடி அறைக்கு வைஃபை வரவில்லை என்று பழைய ரவுட்டரை எடுத்து மாட்டுவோம். இரண்டு பெட்டியும் தன்னை 192.168.1.1 என்று சொல்லிக்கொண்டு, இரண்டும் முகவரி கொடுக்கத் தொடங்கினால் ஒரே தெருவில் ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு மாதிரி ஆகிவிடும். மோடத்தோடு இணைப்பதற்கு முன்பே மாடி ரவுட்டரைக் கம்ப்யூட்டரில் தனியாக மாட்டி, அதன் லேன் எண்ணை 192.168.1.2 ஆக்குங்கள், சேமித்ததும் அந்தப் புது எண்ணை அடித்து மறுபடி உள்ளே போய் முகவரி கொடுக்கிற வேலையான டி.எச்.சி.பி. என்பதை அணையுங்கள். அப்புறம் மோடத்தின் லேன் ஓட்டையிலிருந்து மாடி ரவுட்டரின் லேன் ஓட்டைக்குக் கேபிள் போடுங்கள். வான் ஓட்டை காலியாக இருக்கட்டும்.

வேகம் வரவில்லை

100 எம்.பி.பி.எஸ். திட்டத்தில் ஒரு ஃபைல் இறங்கும்போது 12 எம்.பி. காட்டினால் அது சரியான வேகம்தான். ஒன்று பிட் கணக்கு, மற்றது பைட் கணக்கு, எட்டால் வகுக்க வேண்டும்.

200, 300 திட்டம் எடுத்தும் லேன் கேபிளில் 95க்கு மேல் ஏறவே மாட்டேன் என்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். அதற்குள் நான்கு ஜோடி கம்பி இருக்கிறது. 1000 எம்.பி.பி.எஸ். போக நான்கும் வேண்டும், 100க்கு இரண்டு போதும். ஒரு ஜோடி அறுந்தாலும் சத்தம் போடாமல் 100க்கு இறங்கிவிடும். மோடத்தில் எஃப்.இ. என்று எழுதிய ஓட்டையில் போட்டிருந்தாலும் 100தான், ஜி.இ. ஓட்டைக்கு மாற்றுங்கள்.

வைஃபையில் மட்டும் வேகம் இல்லை என்றால் மோடம் எங்கே இருக்கிறது? நம் வீடுகளில் பெரும்பாலும் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால், அல்லது ஸ்டீல் பீரோ மேல். இரும்பு பீரோவும் முகம் பார்க்கும் கண்ணாடியும் அலையைத் திருப்பி அடிக்கும். பழைய பேட்டைகளில் கருங்கல் சுவர் வைத்துக் கட்டிய வீடுகளில் ஒரு சுவர் தாண்டினாலே 5 கிகாஹெர்ட்ஸ் செத்துவிடும், அங்கே 2.4தான் கைகொடுக்கும். அந்த 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 மூன்றுதான். சாத்தியமானால் வீட்டின் நடுவில், தலை உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள்.

மதியம் ஆனால் அறுகிறது

இது நம் ஊர் நோய். காலையில் நன்றாக வரும், பன்னிரண்டு மணிக்கு மேல் அறும், சாயங்காலம் தானாக வரும். லைன்மேன் காலையில் வந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும், போய்விடுவார்.

வீட்டு மோடங்களின் பெட்டியில் பார்த்தால் பெரும்பாலும் 40 டிகிரி வரை வேலை செய்யும் என்று போட்டிருக்கும். வேலூரில் மே மாதம் அக்னி நட்சத்திரத்தில் வெளியிலேயே 40ஐத் தாண்டும். ஷீட் போட்ட மாடி அறையில், அதுவும் மூடிய ஷெல்ஃபுக்குள், செட்டாப் பாக்ஸ் மேல் மோடத்தை வைத்தால் உள்ளே எவ்வளவு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நான் மேல் மாடியில் இருந்தபோது இரண்டு கோடை இதை அனுபவித்தேன். ஒரு நாள் மதியம் மோடத்தைத் தொட்டேன், தோசைக்கல்லை இறக்கி வைத்துக் கொஞ்ச நேரம் ஆன மாதிரி இருந்தது, கையை வைத்திருக்க முடியவில்லை. மேசை ஃபேனைத் திருப்பி வைத்தேன், பத்து நிமிடத்தில் இணைப்பு வந்தது, ஃபேனை எடுத்தால் போயிற்று. காரணம் கையில் கிடைத்துவிட்டது.

அதன்பிறகு மோடத்தைக் கீழ்வீட்டுக் கூடத்துக்கு இறக்கி, சுவரில் இரண்டு ஆணி அடித்து நிமிர்ந்த வாக்கில் மாட்டினேன். பக்கவாட்டில் உள்ள துளைகள் வழியாக வெப்பம் மேலே போகும், படுக்க வைத்தால் அடியில் தேங்கும். மேலே துணி போட்டு மூடுவதை நிறுத்துங்கள், தூசிக்கு வாரம் ஒரு முறை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

இடி இடித்த பிறகு வரவில்லை

கோடை மழையில் சாயங்காலம் இடி மின்னலோடு கொட்டும்போது மோடத்தின் பவர் பிளக்கையும், செப்புக் கம்பி இணைப்பு என்றால் போன் வயரையும், கம்ப்யூட்டருக்குப் போகிற லேன் கேபிளையும் கழற்றி வையுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. ஃபைபரில் மின்சாரம் வராது, ஆனால் பவர் வயரில் வரும்.

கழற்றாமல் விட்டு, இடிக்குப் பிறகு வைஃபை மட்டும் வருகிறது, லேன் கேபிளில் விளக்கே எரியவில்லை என்றால் மோடத்தின் அந்த ஓட்டையோ கம்ப்யூட்டரின் லேன் ஓட்டையோ போய்விட்டது. எது என்று தெரிய, அதே கேபிளில் வேறு லேப்டாப்பை மாட்டுங்கள். லேப்டாப்பில் வந்தால் போனது உங்கள் கம்ப்யூட்டரின் ஓட்டை. மதர்போர்டை மாற்றச் சொல்லி யாராவது பெரிய தொகை கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள், யூ.எஸ்.பி.யில் செருகுகிற சின்ன லேன் அடாப்டர் ஒன்று வாங்கி மாட்டினால் அதே கம்ப்யூட்டர் அன்றைக்கே ஓடும். லேப்டாப்பிலும் வராவிட்டால் மோடத்தின் மற்ற லேன் ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள், நான்கில் ஒன்று பிழைத்திருந்தாலும் புது மோடம் வரும்வரை அதை வைத்து ஓட்டலாம்.